பாதத்தை இயக்கும் நாண்கள்

உங்கள் குதிகாலுக்குச் சற்று மேலே, காலின் பின்புறத்தைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துப் பாருங்கள். விறைப்பான ஒரு கயிறு விரல்களுக்கிடையே அகப்படும். பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் அது இறுகுவதும் தளர்வதும் தெரியும். கெண்டைக்காலின் தசைகளைக் குதிகால் எலும்புடன் இணைப்பது இதுவே. மனித உடலிலுள்ள தசைநாண்களில் தடித்ததும் வலிமை மிக்கதும் இதுதான்.

தசைநாண் என்னும் சொல்லே அதன் வேலையைக் கூறிவிடுகிறது. வில்லின் நாண் தானாக அம்பை எய்வதில்லை. அம்புக்கு விசையைக் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. அதுபோலவே தசைநாணும் தானாகச் சுருங்குவதில்லை. தசை சுருங்குகிறது, அந்த இழுப்பை நாண் எலும்புக்குக் கடத்துகிறது. அதாவது, தசை ஓர் எந்திரம். நாண் ஒரு கயிறு.

கயிறு என்றால் அதை வெட்டலாம், நீட்டலாம், அறுந்தால் இணைக்கலாம், ஒரு முனையை அவிழ்த்து வேறிடத்தில் கட்டவும் செய்யலாம் அல்லவா? இன்று எளிதாகத் தோன்றும் இந்த எண்ணத்தை அடைய மருத்துவ உலகிற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த எண்ணம் பிறந்த பிறகே, நடக்க இயலாதிருந்த பல்லாயிரவர் நடந்தனர்.

எவ்வளவு பெரிய விசை?

முதலில் இந்தக் கயிறு தாங்கும் விசையை ஒரு சிறு கணக்கால் அறிவோம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில், குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தை மட்டும் ஊன்றி நிற்பதாகக் கொள்வோம். தரை அவரை மேல்நோக்கித் தாங்கும் விசை அவருடைய எடைக்குச் சமம். அது முன்பாதத்தில் செயற்படுகிறது. கணுக்கால் மூட்டைச் சுழல்மையமாகக் கொண்டால், முன்பாதம் அதிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. தொலைவில் உள்ளது. குதிகால் நாணோ மறுபுறத்தில் ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில்தான் உள்ளது. நெம்புகோல் விதிப்படி இருபுறத்துத் திருப்புத்திறன்களும் சமமாக இருக்க வேண்டும். எனவே நாணின் இழுவிசையை 5 ஆல் பெருக்கினால் வருவது, 60 ஐ 12 ஆல் பெருக்கினால் வருவதற்குச் சமம். விடை 144 கிலோகிராம் எடை. ஏறக்குறைய இரண்டு நெல் மூட்டைகளைத் தொங்கவிட்டாற்போன்ற சுமை!

இது அசையாமல் நிற்கும்போது. ஓடும்போது இன்னும் பன்மடங்கு. ஃபின்லாந்து நாட்டு ஆய்வாளர் பாவோ கோமி, நாணிலேயே ஒரு சிறு விசையளவியைப் பொருத்தி அளந்தார். வேகமாக ஓடும்போது அது 9000 நியூட்டன் வரை, அதாவது உடல் எடையைப் போல் 12 மடங்குக்கு மேல் உயர்ந்ததை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டார். இத்தகைய கயிறு அறுந்தாலோ, குறுகினாலோ, அதை இழுக்கும் தசை செயலிழந்தாலோ மனிதன் நடப்பது எப்படி?

அச்சம் நிறைந்த நூற்றாண்டுகள்

பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் இந்த நாணைத் தொடவே அஞ்சினர். ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில், குதிகால் நாண் நசுங்கினாலோ வெட்டுப்பட்டாலோ கடுங்காய்ச்சலும் மனக்கலக்கமும் தோன்றி இறுதியில் சாவு நேரும் என்னும் கருத்து காணப்படுகிறது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கில்லை. திறந்த காயத்தில் கிருமிகள் புகுந்து, சீழ் பிடித்து, நோயாளி இறப்பதை அவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். கிருமியை அறியாத காலத்தில் பழி நாணின்மேல் விழுந்தது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவ அறிஞர் இந்த அச்சத்திற்கு ஒரு கொள்கை வடிவம் தந்தார். தசைநாணில் நரம்பும் கலந்திருக்கிறது என்று அவர் கருதினார். ஆகவே அதில் ஊசி பட்டால் வலிப்பு வரும் என்ற எண்ணம் நிலைபெற்றது. காலனை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. நம்மிடையேயும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்றுதானே சொல்கிறோம்? கையில் கத்தி பட்டு நாண் அறுந்தாலும் 'நரம்பு வெட்டுப்பட்டுவிட்டது' என்கிறோம். பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றே. ஆயினும் இவை முற்றிலும் வேறானவை. நரம்பு, மூளையின் கட்டளையைக் கொண்டுசெல்லும் கம்பி. நாண், தசையின் இழுப்பைக் கொண்டுசெல்லும் கயிறு. இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

16ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே, தோல் கிழியாமலே உள்ளே குதிகால் நாண் அறுந்துபோவதை விவரித்தார். 1693ஆம் ஆண்டில் பிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த உடற்கூற்றறிஞர் பிலிப் வெர்ஹெயன், கிரேக்கக் கதைகளில் வரும் வீரன் அக்கிலீஸின் பெயரை இந்த நாணுக்கு இட்டார். தாய் குதிகாலைப் பிடித்துக்கொண்டு மாய நதியில் முக்கியதால், அந்த ஓரிடம் மட்டும் நனையாமல், அங்கேயே அம்பு பட்டு அவன் மாண்டான் என்பது கதை. பெயரிலும் அச்சம் தொடர்ந்தது!

ஹண்டரின் சோதனை

1767ஆம் ஆண்டு. லண்டனில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டருக்கு அப்போது வயது 39. ஒருநாள் அவருடைய குதிகால் நாணே அறுந்துவிட்டது. நடனமாடியபோது அறுந்தது என்பர். அவர் படுக்கையில் விழவில்லை. குதிகால் உயர்ந்திருக்குமாறு கட்டுப் போட்டுக்கொண்டு நடமாடினார். குதிகாலை உயர்த்தினால் அறுந்த இரு முனைகளும் நெருங்கிவரும் என்பது எளிய வடிவியல்.

பிறகு அவர் தம் வழக்கப்படி சோதனையில் இறங்கினார். நாய்களின் தோலில் சிறு துளையிட்டு, அதன் வழியே நாணை மட்டும் வெட்டினார். வெவ்வேறு கால இடைவெளிகளில் அந்த விலங்குகளைக் கொன்று, வெட்டிய இடத்தை ஆராய்ந்தார். அறுந்த முனைகளுக்கிடையே புதுத் திசு வளர்ந்து நாண் மீண்டும் ஒன்றுகூடியிருந்தது. முறிந்த எலும்பு கூடுவதைப் போலவே நாணும் கூடும் என்பது தெளிவாயிற்று. நாணை வெட்டினால் சாவு என்ற பழைய நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

சிறு துளையில் ஒரு புரட்சி

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பாதம் உட்புறமாகத் திரும்பி, குதிகால் மேலேறி வளைந்திருக்கும். வேறு சிலருக்கு இளம்பிள்ளை வாதத்தால் காலின் முன்புறத் தசைகள் செயலிழந்துவிடும். கயிறிழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் கையை விட்டுவிட்டால் மறுபக்கத்தார் இழுத்துச் செல்வதைப் போல, கெண்டைத் தசை எதிர்ப்பின்றிக் குதிகாலை மேலே இழுத்துக்கொள்ளும். நாளடைவில் நாண் குறுகிப்போகும். குறுகிய கயிற்றை வெட்டிவிட்டால் பாதம் தரையில் பதியுமே என்ற எண்ணம் எழுந்தது.

1784ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் திலேனியஸ், லோரென்ஸ் என்ற அறுவை மருத்துவரைக் கொண்டு 17 வயதுப் பெண் ஒருத்தியின் குதிகால் நாணை வெட்டச் செய்தார். 1816ஆம் ஆண்டில் பிரான்சின் மோன்பெலியே நகரில் டெல்பெக் ஒரு சிறுவனுக்கு அதையே செய்தார். ஆனால் டெல்பெக்கின் வெட்டு பெரிது. காயத்தில் சீழ் பிடித்தது. கண்டனங்கள் எழுந்தன. அவர் அந்த அறுவையை மீண்டும் செய்யவில்லை.

சரியான வழியைக் கண்டவர் ஹானோவர் நகரத்து அறுவை மருத்துவர் லூயி ஸ்ட்ரோமயர். 1831ஆம் ஆண்டில் அவர் செய்தது மிக எளிது. மெல்லிய கத்தி ஒன்றைத் தோலில் ஒரு சிறு துளை வழியே செலுத்தி, நாணை உள்ளேயே வெட்டிவிட்டுக் கத்தியை வெளியே எடுத்துவிட்டார். உடனே பாதத்தை வளைக்க முயலவில்லை. சில நாட்கள் பொறுத்து, துளை மூடிய பிறகு, ஒரு கருவியில் பாதத்தைப் பொருத்திச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். இடைவெளியில் வளரும் இளந்திசு இழுபட்டு நீண்டது. குறுகியிருந்த கயிறு வேண்டிய நீளம் பெற்றது.

அக்காலத்தில் மயக்கமருந்து இல்லை. ஈதர் பயன்பாட்டுக்கு வந்தது 1846இல். கிருமிக் கொள்கையும் இல்லை. லிஸ்டர் தம் கிருமிநீக்க முறையை வெளியிட்டது 1867இல். இவையிரண்டும் இல்லாத உலகில், சில நொடிகளில் முடிவதும் காயத்தைத் திறக்காததுமான அறுவை எவ்வளவு பெரிய வரம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வரத்தைத் தேடி வந்தவர்களுள் ஒருவர் வில்லியம் ஜான் லிட்டில். 1810ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது பாதத்தை வளைத்துவிட்டது. தம் காலுக்கு வழி தேடியே அவர் மருத்துவம் பயின்றார் எனலாம். ஜெர்மனி சென்று ஸ்ட்ரோமயரைச் சந்தித்து, 1836 ஜூன் மாதம் அவர் கையாலேயே அறுவை செய்துகொண்டார். பாதம் நிமிர்ந்தது. அந்த முறையை அவரிடமே கற்று, பெர்லினில் அதைப் பற்றியே ஆய்வுரை எழுதிப் பட்டம் பெற்றார். 1837ஆம் ஆண்டில் லண்டன் திரும்பி, இங்கிலாந்தில் இந்த அறுவையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே முடம் நீக்கும் சிகிச்சைக்கென ஒரு மருத்துவ நிலையம் அமைய வழிசெய்தார். அதுவே பின்னர் அரச எலும்பு மருத்துவமனையாக வளர்ந்தது. நோயாளியாகச் சென்றவர் மருத்துவமனையின் தந்தையாகத் திரும்பினார்!

கயிற்றை இடம் மாற்றுதல்

வெட்டுவதும் நீட்டுவதும் குறுகிய நாணுக்கு மருந்து. ஆனால் இழுக்கும் தசையே செயலிழந்துபோனால்? எந்திரம் நின்ற பிறகு கயிற்றை என்ன செய்து பயன்?

இங்கேதான் புதிய எண்ணம் பிறந்தது. ஓர் எந்திரம் நின்றுவிட்டால், பக்கத்தில் ஓடும் வேறோர் எந்திரத்தின் கயிற்றைக் கொண்டுவந்து கட்டலாமே! ஆஸ்திரிய அறுவை மருத்துவர் கார்ல் நிக்கோலடோனி 1880களின் தொடக்கத்தில் இதைச் செய்தார். கெண்டைத் தசை செயலிழந்த ஓர் இளைஞரின் காலில், வெளிப்புறத் தசைகளின் நாண்களைக் குதிகால் நாணுடன் இணைத்தார். தசைநாண் இடமாற்றம் என்னும் கலை இவ்வாறு காலில்தான் தொடங்கியது. இத்தாலியின் போலோன்யா நகரில் கோடிவில்லா 1899ஆம் ஆண்டில் இம்முறையைப் பற்றிய தம் அனுபவங்களை வெளியிட்டார்.

ஆனால் விளைவுகள் ஒரே சீராக இல்லை. இடம் மாற்றிய நாண்கள் பல, சுற்றியுள்ள திசுக்களுடன் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. ஏன்? அமெரிக்காவைச் சேர்ந்த லியோ மேயர், பெர்லினில் பீசால்ஸ்கியுடன் சேர்ந்து இக்கேள்வியை ஆராய்ந்து 1916ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். நாண் வழுக்கி ஓடுவதற்கான பாதை வேண்டும். கட்டும்போது சரியான இறுக்கம் வேண்டும். இழுப்பு நேர்கோட்டில் அமைய வேண்டும். நாணின் இரத்த ஓட்டமும் கெடக்கூடாது. கிணற்றுக் கப்பியில் கயிறு போடும் எவரும் அறிந்த விதிகளே இவை. கயிறு எங்காவது உராய்ந்தால், எவ்வளவு இழுத்தாலும் வாளி மேலே வராது.

வேலூரும் செங்கற்பட்டும்

இந்தக் கலையின் முக்கியமான அத்தியாயம் ஒன்று தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில், ஆங்கிலேய மதப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். 1947ஆம் ஆண்டில் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டபோது, மடங்கிய விரல்களும் தொங்கும் பாதங்களும் கொண்ட நோயாளிகளைக் கண்டார். இவர்களுக்கு எலும்பு மருத்துவம் என்ன செய்தது என்று கேட்டார். ஒன்றுமே செய்யவில்லை என்பதே விடையாக இருந்தது. தொழுநோயாளியின் சதை கெட்டது, அறுவை செய்தால் ஆறாது என்று உலகெங்கும் நம்பிய காலம் அது. குதிகால் நாணைப் பற்றிப் பண்டைக் காலத்தார் கொண்டிருந்த அச்சத்தின் மறுபதிப்பு!

பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் தசைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். செயலிழப்பில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே விரும்பும். எனவே தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளே பெரிதும் பாதிக்கப்படும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், எலும்பின்மேல் தோலை ஒட்டி ஒரு நரம்பு செல்கிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குக் கட்டளை தருவது அதுவே. அது கெட்டால் பாதம் தொங்கும். நோயாளி முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில் 'பட்'டென்று அடித்து நடப்பார். பாதத்தின் உணர்ச்சியும் கெட்டிருந்தால் தேய்மானமும் காயமும் வலியாகத் தெரியா. புண் எலும்புவரை செல்லும். தொங்கும் பாதம் என்பது அழகு பற்றிய சிக்கலன்று. காலையே இழப்பதற்கு அது முதற்படி ஆகலாம்.

ஆனால் அதே காலில், கெண்டைத் தசைக்கு அடியில் எலும்பை ஒட்டி ஆழத்தில் ஒரு தசை கிடக்கிறது. பாதத்தை உட்புறம் திருப்புவது அதன் வேலை. அதன் நரம்பு ஆழத்தில், உடற்சூட்டில் இருப்பதால் நோய்க்குத் தப்பிவிடுகிறது. கெட்டது நரம்பேயன்றிச் சதையன்று! நரம்பு வேறு, நாண் வேறு என்ற வேறுபாட்டின் பயனை இங்கே காண்கிறோம். அந்த நலமான தசையின் நாணைப் பாதத்தின் உட்புறத்திலிருந்து அவிழ்த்து, எலும்பைச் சுற்றியோ இரண்டு எலும்புகளுக்கு இடையிலோ முன்புறம் கொண்டுவந்து பாதத்தின் மேற்பகுதியில் கட்டினால், அது பாதத்தைத் தூக்கும். இந்த அறுவை ஐரோப்பாவில் வேறு நோய்களுக்கு முன்பே அறியப்பட்டது. தொழுநோயாளிகளுக்கு அது கிடைக்கச் செய்ததே வேலூரிலும், 1955ஆம் ஆண்டில் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் நடந்த பணி.

ஒரே இடத்தில் கட்டும்போது இழுப்பு சற்று விலகினாலும் பாதம் ஒருபுறம் சாயும். இதற்கும் தமிழ்நாட்டிலேயே ஒரு தீர்வு பிறந்தது. செங்கற்பட்டில் பணியாற்றிய டாக்டர் எச். சீனிவாசனும் உடன் பணியாற்றியோரும், நாணின் முனையை இரண்டாகப் பிளந்து, ஒரு வாலைப் பெருவிரலின் நாணிலும் மற்றதைப் பிற விரல்களின் நாணிலும் இணைக்கும் முறையை 1968ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குதிரையின் கடிவாள வார்கள் இரண்டையும் சரிசமமாகப் பிடித்து ஓட்டுவதைப் போல, இரு வால்களின் இறுக்கத்தையும் சரிசெய்து பாதத்தை நேராக நிறுத்தலாம்.

கட்டு அவிழ்த்த பிறகு ஒரு வியப்பான பாடம் தொடங்கும். பாதத்தை உட்புறம் திருப்புங்கள் என்று நோயாளியிடம் சொல்வார்கள். அவர் திருப்ப முயல்வார். பாதம் மேலே எழும்! கயிறு இடம் மாறியதை மூளை இன்னும் அறியவில்லை. நாள்தோறும் பயிற்சி செய்யச் செய்ய, மூளை புதிய பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. அறுவை மருத்துவரின் வேலை பாதி. பயிற்சியளிப்பவரும் நோயாளியும் செய்வது மறுபாதி.

கத்தி குறைந்த காலம்

கத்தி இவ்வளவு செய்தது என்றால், எல்லாவற்றுக்கும் கத்திதான் வழி என்று எண்ணத் தோன்றும். வரலாறு வேறுவிதமாகத் திரும்பியது. பிராண்ட் பிறந்த அதே 1914இல் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் பிறந்தவர் இக்னாசியோ பொன்செட்டி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பிறவி வளைபாதத்திற்குப் பெரிய அறுவைகள் செய்துகொண்ட குழந்தைகள் வளர்ந்த பின் விறைத்த, வலிமிக்க பாதங்களுடன் இருந்ததைக் கண்டார். 1940களின் இறுதியில் அவர் வேறு வழி வகுத்தார். பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுதல். வாரம் ஒருமுறை கட்டை மாற்றிச் சிறிது சிறிதாக நேராக்குதல். பெரும்பாலான குழந்தைகளுக்கு இறுதியில் ஒரே ஒரு சிறு அறுவை போதும். என்ன அறுவை தெரியுமா? தோலில் ஒரு சிறு துளை வழியே குதிகால் நாணை வெட்டிவிடுதல்! ஸ்ட்ரோமயரின் 1831ஆம் ஆண்டு முறை, இன்று உலகெங்கும் கைக்குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. அதன்பின் பாதம் மீண்டும் வளையாதிருக்க, சில ஆண்டுகள் உறங்கும்போது பட்டையுடன் கூடிய காலணி அணிவிக்க வேண்டும். இதைப் பெற்றோர் கைவிட்டால் பெற்ற பயன் வீணாகக்கூடும்.

ஹண்டருக்கு நேர்ந்ததைப் போன்ற நாண் அறுதலுக்கும் இதே கேள்வி எழுந்தது. தைப்பதா, கட்டுப் போடுவதா? நார்வே நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை ஒப்பிட்ட ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் காலின் செயல்திறனில் இருசாராரிடமும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கட்டு மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு நாண் மீண்டும் அறுந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் நரம்புக் காயம் அறுவை செய்துகொண்டவர்களிடமே மிகுதி. ஆகவே எல்லாருக்கும் ஒரே விடை இல்லை. நோயாளியின் வயது, தொழில், உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவரும் அவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

இளம்பிள்ளை வாதம் தடுப்பு மருந்தால் நம் நாட்டை விட்டு அகன்றது. இயற்கை வகைக் கிருமியால் வந்த கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். லிட்டிலின் காலை வளைத்த நோயால் இங்கு இனிக் குழந்தைகளுக்கு நாணை வெட்டவோ மாற்றவோ பெரும்பாலும் வேண்டியிராது. தொழுநோய்க்கும் 1981ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகள் உள்ளன. அவை இலவசமாகவே வழங்கப்படுகின்றன. தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டவுடனே மருந்து உண்டால், நரம்பு கெடுவதற்கு முன்பே நோயை நிறுத்திவிடலாம். பிறந்த குழந்தையின் பாதம் வளைந்திருந்தால், 'வளர்ந்தால் சரியாகும்' என்று காத்திராமல் சில வாரங்களுக்குள் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த வயதில் ஒரு சிறு துளை செய்வதை, காலம் கடந்தபின் பெரிய கத்தியாலும் முழுமையாகச் செய்ய இயலாது.